ஆங்கிலேயக் குடும்பத்தின் வேர் தேடுவது எப்படி? பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்யும் முறை 1837 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தேவாலய ஏடுகள்தான். அந்த நாளுக்குப் பின் பிறந்த, மணந்த, மறைந்த பெரும்பாலான மனிதர்களைப் பற்றி ஒரு வரியாவது எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கிறது. பிரபுவுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரே படிவம், ஒரே கட்டங்கள். சாதாரண மக்களின் குடும்ப வரலாற்றை எழுத இவ்வளவு நல்ல ஆதாரம் உலகில் அதிக நாடுகளில் கிடையாது.

தமிழர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலேய மருமகளோ மருமகனோ வந்த வீடுகளில் பேரப்பிள்ளைகளின் மரபில் பாதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு இது சொந்தக் கதை. நீலகிரியிலோ சென்னையிலோ பழைய கல்லறைக் கல்லில் ஒரு பெயரைப் படித்துவிட்டு ‘இவர் யார், எங்கிருந்து வந்தார்’ என்று தேடும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் இதே பதிவுகளிடம்தான் போக வேண்டும்.

தேடலுக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: தெரிந்த ஆளிடமிருந்து தெரியாத ஆளை நோக்கிப் பின்னோக்கிப் போங்கள். புகழ்பெற்ற மூதாதை ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வந்தால் எப்படியும் ஒரு பொய்யான இணைப்பில் போய் முடியும். பிள்ளையின் பிறப்புப் பதிவிலிருந்து பெற்றோரின் திருமணத்துக்கு, அந்தத் திருமணத்திலிருந்து மணமக்கள் ஒவ்வொருவரின் பிறப்புக்கு, அங்கிருந்து மறுபடி அவர்களின் பெற்றோரின் திருமணத்துக்கு. இப்படி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படி உறுதியாகும் வரை அடுத்ததில் கால் வைக்கக் கூடாது.

இதை வெறும் விதியாகச் சொல்லிக்கொண்டு போவதை விட, ஒரு நிஜக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணினி அறிவியலுக்கு அடித்தளம் இட்ட ஆலன் டூரிங்கின் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த பெயர். குடும்பத்தின் ஒரு கால் நம் ஊரில் இருந்தது என்பது இன்னொரு காரணம்.

முதலில் வீட்டில் தேடுங்கள்

இணையத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். முழுப் பெயர், நடுப்பெயர், செல்லப்பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வேலை என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பைபிளின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை எழுதும் வழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலேய வீடுகளில் இருந்தது. ராணுவப் பதக்கம், இரங்கல் அட்டை, புகைப்படத்தின் பின்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் குறிப்போடு சேர்த்து எழுதுங்கள். பாட்டி சொன்னதையும் பதிவேடு சொன்னதையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

அட்டவணையும் சான்றிதழும் வேறு வேறு

புதிதாக வருபவர்கள் இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். இணையத்தில் தேடும்போது கிடைப்பது பெயர் அட்டவணை மட்டும்: பெயர், பதிவு மாவட்டம், காலாண்டு, தொகுதி எண், பக்க எண். முழு விவரம் இருப்பது சான்றிதழில். அதைத் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

அட்டவணையை இரண்டு இடங்களில் இலவசமாகத் தேடலாம். தன்னார்வலர்கள் 1998 முதல் தட்டச்சு செய்து உருவாக்கிவரும் ஃப்ரீபிஎம்டி தளம் ஒன்று. பதிவுகளின் தலைமையகமான ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸின் சொந்தத் தளம் மற்றொன்று. இதைச் சுருக்கமாக ஜிஆர்ஓ என்பார்கள். ஜிஆர்ஓ தளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே போக வேண்டும், ஆனால் தேடக் கட்டணம் இல்லை. அங்கே பிறப்பும் இறப்பும் மட்டுமே உண்டு. திருமணத்துக்கு ஃப்ரீபிஎம்டிதான்.

இரண்டு தளங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃப்ரீபிஎம்டி பயன்படுத்துவது அந்தக் காலத்தில் காலாண்டுதோறும் தயாரான பழைய அட்டவணையை. அதில் பிள்ளையின் பெயரோடு தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயர் சேர்ந்தது 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான். திருமணத்தில் துணையின் குடும்பப்பெயர் சேர்ந்தது 1912 மார்ச் காலாண்டு முதல். இறந்தவரின் வயது சேர்ந்தது 1866 மார்ச் காலாண்டு முதல். ஜிஆர்ஓ பின்னாளில் பதிவுகளையே மறுபடி படித்து அட்டவணை தயாரித்தது. அதனால் அங்கே 1837 முதலே தாயின் பிறந்தகத்துப் பெயரும் இறந்தவர் வயதும் கிடைக்கின்றன. இது எவ்வளவு பெரிய வரம் என்பது விக்டோரியா காலத்துக் குடும்பம் ஒன்றைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காலாண்டு என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அது நிகழ்வு பதிவான காலம், நிகழ்ந்த காலம் அல்ல. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டன் மெய்டா வேலில். அந்தத் தேதிக்கு ஜூன் காலாண்டையும் பார்க்க வேண்டும், செப்டம்பர் காலாண்டையும் பார்க்க வேண்டும். 1984 முதல் காலாண்டு முறை போய், ஆண்டுக்கு ஓர் அட்டவணை வந்தது.

பதிவு மாவட்டம் என்பதும் நாம் வரைபடத்தில் பார்க்கும் ஊரோ மாவட்டமோ அல்ல. 1834 ஏழைகள் சட்டத்தின் கீழ் உருவான ஒன்றியங்களை ஒட்டி வகுத்த எல்லைகள் அவை. ஒரு கிராமம் பக்கத்துக் கவுண்டியின் (இங்கிலாந்தின் நிர்வாகப் பிரிவு) பதிவு மாவட்டத்தில் இருப்பது சாதாரணம். ‘எங்கள் ஊர் பெயர் அட்டவணையில் வரவே இல்லை’ என்று கவலைப்படுபவர்கள், அந்த ஊர் எந்தப் பதிவு மாவட்டத்தில் சேர்ந்திருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1852 முதல் தொகுதி எண்ணே உங்களுக்குப் பகுதியைச் சொல்லிவிடும். 1ஏ, 1பி என்று தொடங்கினால் லண்டன், 8 என்றால் லங்காஷயரும் செஷயரும், 9 என்றால் யார்க்ஷயர், 11 என்றால் வேல்ஸ் பக்கம்.

சான்றிதழ் வாங்கும் வழி

ஜிஆர்ஓ தளத்தில் நேரடியாக வாங்குங்கள். காகிதச் சான்றிதழ் 12.50 பவுண்டு. பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குப் பதிவேட்டுப் பக்கத்தின் டிஜிட்டல் படம் 3 பவுண்டுக்குக் கிடைக்கிறது. குடும்ப வரலாற்றுக்கு அந்தப் படமே தாராளம். இவை 2024இல் உயர்த்திய கட்டணங்கள். வாங்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்கள் இதே சான்றிதழுக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்கும். அவற்றிடம் போக எந்தக் காரணமும் இல்லை.

திருமணச் சான்றிதழுக்கு மட்டும் அந்த மலிவான படம் கிடையாது. அதற்கு ஒரு மாற்று வழி உண்டு. தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால் அந்தத் தேவாலயத்தின் சொந்த ஏடு பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு வந்திருக்கும். பல கவுண்டிகளின் ஏடுகள் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், ஃபேமிலிசர்ச் தளங்களில் படமாகவே இருக்கின்றன. உள்ளடக்கம் சான்றிதழில் இருப்பதுதான். சொல்லப்போனால் இது அதைவிட மேல். ஏனென்றால் லண்டனுக்கு அனுப்பியது காலாண்டுதோறும் கையால் எடுத்த நகல், தேவாலயத்தில் இருப்பது மணமக்களே கையெழுத்திட்ட மூலம். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி ஒன்றைப் போட, பக்கத்தில் ‘இன்னாரின் குறி’ என்று போதகர் எழுதியிருப்பார். நம் ஊர்க் கைநாட்டின் ஆங்கில உடன்பிறப்பு அது. ஒரு தலைமுறையில் அப்பா குறி போட்டிருக்க, அடுத்த தலைமுறையில் மகன் பெயரை நடுங்கும் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அந்தக் குடும்பத்துக்குள் பள்ளிக்கூடம் நுழைந்த காலம் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

பிறப்புச் சான்றிதழைப் படிப்பது

பிறந்த நாள், இடம், பெயர், பாலினம், தந்தை பெயர், தாய் பெயர், தந்தையின் தொழில், தகவல் தந்தவரின் கையொப்பமும் முகவரியும், பதிவு நாள். இவ்வளவும் ஒரே வரிசையில் இருக்கும்.

தாயின் பெயர்க் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். ‘முன்னாள்’ என்று வருவது பிறந்தகத்துப் பெயர். அதோடு வேறொரு பெயரும் சேர்ந்து வந்தால் அவருக்கு முன்பே ஒரு திருமணம் நடந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் இந்தத் திருமணப் பதிவில் அவர் பிறந்தகத்துப் பெயரில் இருக்கமாட்டார், முதல் கணவரின் பெயரில் இருப்பார். இந்த ஒரு நுட்பம் தெரியாமல் தேடலை நடுவில் விட்டவர்கள் ஏராளம்.

பிறந்த நேரம் குறித்திருந்தால் இரட்டைப் பிள்ளையாக இருக்கலாம். இங்கிலாந்தில் பொதுவாக இரட்டையருக்குத்தான் நேரம் எழுதுவார்கள். உடனே அதே பக்கத்தில் இன்னொரு பெயரைத் தேடுங்கள்.

தந்தையின் கட்டம் வெறுமையாக இருந்தால் பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை என்று கொள்ளலாம். 1875 முதல், மணமாகாத தந்தையின் பெயர் ஏற வேண்டுமானால் அவரும் நேரில் வந்து தாயோடு கையெழுத்திட வேண்டியிருந்தது. பிள்ளையின் நடுப்பெயராக ஒரு குடும்பப்பெயர் இருந்தால் அது தந்தையின் பெயராக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு மட்டும்தான், அதையே ஆதாரம் என்று எழுதிவிடாதீர்கள்.

பிறந்த இடத்தில் வெறும் தெரு முகவரி இருந்தாலும் அந்த முகவரியைப் பழைய வரைபடத்தில் பாருங்கள். ஏழைகள் தங்கும் ஒர்க்ஹவுஸில் பிறந்த குழந்தைக்கு அந்தக் களங்கம் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, 1904 முதல் சான்றிதழில் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் தெருப்பெயரை எழுதினார்கள். கருணையுள்ள ஏற்பாடு அது. ஆனால் ஆராய்பவர் அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

பதிவே கிடைக்கவில்லை என்றால்? 1875 வரை பிறப்பைப் பதியாவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. தேடிப் போய்ப் பதிவது பதிவாளரின் வேலையாக இருந்தது. அந்தக் காலத்தில் விடுபட்ட குழந்தைகள் பலர். 1874 சட்டம் அடுத்த ஜனவரியிலிருந்து பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைத்த பிறகும் ஓட்டைகள் முழுதாக அடைபடவில்லை. 1889இல் பிறந்த சார்லி சாப்ளினுக்கே இன்றுவரை பிறப்புப் பதிவு அகப்படவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் தேவாலய ஞானஸ்நான ஏடு கைகொடுக்கும்.

இப்போது டூரிங். தந்தை ஜூலியஸ் மாத்திசன் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. தாய் எத்தல் சாரா, பிறந்தகத்துப் பெயர் ஸ்டோனி. 1912 என்பதால் பழைய அட்டவணையிலேயே ஸ்டோனி என்ற பெயர் வரும். குடும்பப்பெயரையும் தாயின் பிறந்தகத்துப் பெயரையும் சேர்த்து ஜிஆர்ஓ தளத்தில் தேடினால் ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளையும் திரட்டிவிடலாம் என்பது எல்லாரும் பயன்படுத்தும் உத்தி. டூரிங்குக்கு ஜான் என்றோர் அண்ணன் உண்டு. அவர் இந்தத் தேடலில் அகப்படமாட்டார், ஏனென்றால் 1908இல் அவர் பிறந்தது குன்னூரில். ஓர் அட்டவணையில் ஒருவர் இல்லை என்றால் அவர் பிறக்கவே இல்லை என்று ஆகாது. அந்த அட்டவணை எந்த நிலப்பரப்புக்கு உரியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருமணம்: அதிகம் பேசும் ஆவணம்

மூன்றிலும் திருமணப் பதிவைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். காரணம், அதில் ஒரே தாளில் இரண்டு தலைமுறைகள் நிற்கின்றன: மணமக்களின் பெயர், வயது, முன் திருமணம் உண்டா, தொழில், முகவரி, அத்தோடு இரு தரப்புத் தந்தையரின் பெயரும் தொழிலும், கடைசியில் சாட்சிகள். தாயார்களின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதம்தான். அதுவரை 180 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தாளில் அம்மாக்களுக்கு இடமே தரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

1912க்கு முந்தைய திருமணத்தில் அட்டவணை துணையின் பெயரைச் சொல்லாது. ஃப்ரீபிஎம்டியில் பக்க எண்ணை அழுத்தினால் அதே பக்கத்தில் பதிவான எல்லாப் பெயர்களும் வரும். பொதுவாக 1852 முதல் ஒரு பக்கத்தில் இரண்டு திருமணங்கள், அதாவது நான்கு பெயர்கள். மணமகன் பெயர் தெரியும், மனைவியின் முதற்பெயர் மேரி என்று கணக்கெடுப்பிலிருந்து தெரியும் என்றால், அந்தப் பக்கத்தில் மேரி ஒருவர்தானா என்று பார்க்கலாம்.

வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்று இருந்தால் 21 நிறைந்தவர், மேஜர் என்று மட்டுமே பொருள். அவர் 22ஆகவும் இருக்கலாம், 60ஆகவும் இருக்கலாம். எண் எழுதியிருந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். பெற்றோர் சம்மதம் தேவைப்படாமல் இருக்க வயதைக் கூட்டிச் சொன்னவர்களும், கணவனை விட மூத்தவள் என்பதை மறைக்கக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. முகவரியும் அப்படியே. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க, அதாவது திருமண அறிவிப்புச் செய்ய, அந்தத் திருச்சபை எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்பதால், சில வாரங்களுக்கு மட்டும் ஓர் அறை பிடித்து அந்த முகவரியைக் கொடுப்பார்கள். இருவருக்கும் ஒரே முகவரி இருந்தால் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம்.

தந்தை பெயரிலும் ஒரு எச்சரிக்கை. தந்தை யார் என்று தெரியாதவர், போதகர் முன் வெட்கப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிவைத்திருக்கலாம். பெரும்பாலும் தன் குடும்பப்பெயரையே அந்த இல்லாத தந்தைக்கும் சூட்டியிருப்பார். தாத்தாவின் பெயரைத் தந்தை பெயராகச் சொன்னவர்களும் உண்டு. பிறப்புப் பதிவும் இதையே சொன்னால்தான் உறுதி.

சாட்சிகளை யாரும் கவனிப்பதில்லை. அக்கா, தங்கை, மைத்துனன் என்று நெருங்கிய உறவினர்கள்தான் பெரும்பாலும் சாட்சிக் கையெழுத்து போடுவார்கள். மணமான அக்காவின் புதிய குடும்பப்பெயர் அங்கே கிடைக்கும்.

டூரிங்கின் பெற்றோர் திருமணத்தை இங்கிலாந்து அட்டவணையில் எத்தனை முறை தேடினாலும் வராது. 1907இல் அவர்கள் மணந்தது டப்ளினில். அயர்லாந்தின் பதிவுமுறை தனி. ஸ்காட்லாந்தும் அப்படியே, அங்கே தொடக்கமே 1855தான். கத்தோலிக்கர் அல்லாதார் திருமணங்கள் அயர்லாந்தில் 1845 முதலும், மற்ற எல்லாம் 1864 முதலும் பதிவாகின. பழைய ஐரிஷ் பதிவுகளின் படங்களை அயர்லாந்து அரசின் ஐரிஷ்ஜீனியாலஜி தளம் காசில்லாமல் தருகிறது. இங்கிலாந்துக்காரர்கள் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இறப்புப் பதிவில் என்ன பார்ப்பது

இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. அதனால் அதைப் பலர் வாங்குவதில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தகவல் தந்தவர் என்ற ஒரு கட்டத்துக்காகவே வாங்கலாம். ‘மகள், உடனிருந்தவர்’ என்று ஒரு பெயர் இருக்கும். அந்த மகள் யாரை மணந்தாள் என்பது அந்தக் குடும்பப்பெயரிலேயே தெரிந்துவிடும். ஒர்க்ஹவுஸ் கண்காணிப்பாளர் தகவல் தந்திருந்தால் அந்த மனிதரின் கடைசிக் காலம் எப்படிப் போயிற்று என்பதும் புரிந்துவிடும்.

இறப்புக் காரணத்தில் பழைய மருத்துவச் சொற்கள் வரும். ‘தைசிஸ்’ என்றால் காசநோய். ‘ட்ராப்ஸி’ என்றால் உடலில் நீர் கோத்து வீங்குவது. ‘இயற்கைத் தளர்ச்சி’ என்பது மூப்பு. ஒரே தெருவில், ஒரே மாதத்தில், ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் மூவர் போயிருந்தால் தொற்றுநோய் வந்து போன தடம் அது.

விசாரணை நடந்த மரணங்களில் தகவல் தந்தவர் இடத்தில் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியின் பெயர் இருக்கும். ஆலன் டூரிங் 1954 ஜூன் 7 அன்று வில்ம்ஸ்லோவில் இறந்தார், மூன்று நாள் கழித்து விசாரணை நடந்தது. இப்படிப்பட்ட பதிவு கிடைத்தால் உடனே அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாளைத் தேடுங்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் பழைய இதழ்கள் ஏராளமாக உள்ளன. கொரோனரின் கோப்பு அழிந்துபோயிருந்தாலும் நிருபர் எழுதிய பத்தி பிழைத்திருக்கும்.

1969 ஏப்ரல் முதல் இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியும் பிறந்த இடமும், மணமான பெண்ணானால் பிறந்தகத்துப் பெயரும் சேர்ந்தன. எத்தல் டூரிங் 1976இல் காலமானார். அவர் தலைமுறையைத் தேடுபவர்களுக்கு முதலில் வாங்க வேண்டிய சான்றிதழ் இதுதான், ஏனென்றால் அது நேராகப் பிறந்த ஊருக்கு வழி காட்டும்.

குழந்தைகளின் வயதில் கவனம் வேண்டும். ஜிஆர்ஓ அட்டவணையில் மூன்று மாதக் குழந்தை மூன்று வயது என்று ஏறியிருப்பது உண்டு.

பெயர் மிகச் சாதாரணமாக இருந்தால்

டூரிங் அரிய பெயர், தேடுவது எளிது. ஜான் ஸ்மித், வில்லியம் ஜோன்ஸ் என்று வந்துவிட்டால் ஒரே காலாண்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும். அப்போது ஆளைத் தேடாதீர்கள், அவரைச் சுற்றி இருப்பவர்களைத் தேடுங்கள். அரிய பெயருள்ள தங்கை ஒருத்தி இருந்தால் அவளுடைய பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். அவளுடைய தாய்தான் ஜானுக்கும் தாய்.

பிறகு கழித்தல் முறை. பொருந்தும் என்று தோன்றும் ஐந்து பேரையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவராக நீக்குங்கள். முதலில் இறப்பு அட்டவணையில் பாருங்கள். ஐந்தில் ஒருவரோ இருவரோ ஐந்து வயதுக்குள் இறந்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது துயரமான நடைமுறை உண்மை. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பதும் வழக்கமாக இருந்தது. ஆகவே ஒரே தம்பதிக்கு இரண்டு ஜான்கள் இருந்தால் வியக்க வேண்டாம், நீங்கள் தேடுபவர் இரண்டாமவர்.

எழுத்துக்கூட்டலும் மாறும். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாத காலத்தில் பதிவாளர் தன் காதில் விழுந்ததை எழுதினார். முதல் எழுத்தே மாறியிருக்கலாம். ‘ஹ’ ஒலியை விழுங்கிப் பேசும் லண்டன்காரரின் ஹாரிஸ், ஏட்டில் ஆரிஸ் ஆகியிருக்கலாம்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த தவறான இணைப்பை ஐம்பது பேர் நகலெடுத்தால் அது ஐம்பது சாட்சிகள் ஆகிவிடாது. ஒரு தலைமுறையை உறுதி என்று எழுத வேண்டுமானால், குறைந்தது இரண்டு ஆவணங்கள் தனித்தனியாக அதையே சொல்ல வேண்டும் என்பது நான் வற்புறுத்தும் அளவுகோல். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுவில் போடாதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

சான்றிதழ்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவது இது. தேசிய அளவில் பெயர்களோடு பயன்படும் முதல் கணக்கெடுப்பு 1841. அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழ்நோக்கி ஐந்தின் மடங்காக எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். 1851 முதல் உறவுமுறையும் பிறந்த ஊரும் வருகின்றன. 1921 வரை வெளியாகியிருக்கிறது. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடத்தை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த போர்க்காலப் பதிவேடு. அதில் பிறந்த தேதியே இருக்கிறது.

இந்தியாவில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டில் தேட வேண்டாம். ஜானும் ஆலனும் வளர்ந்தது இங்கிலாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ்-ஆன்-சீயில், ஓய்வுபெற்ற ராணுவக் கர்னல் தம்பதியின் வீட்டில். கணக்கெடுப்பில் இத்தகைய பிள்ளைகள் ‘விருந்தினர்’, ‘தங்கியிருப்பவர்’ என்ற குறிப்போடு வேறு குடும்பப்பெயர்க்காரர் வீட்டில் இருப்பார்கள்.

தடம் இந்தியாவுக்குப் போனால்

எத்தல் ஸ்டோனி 1881இல் பிறந்தது கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில். தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். இவரை ஜிஆர்ஓவில் தேடிப் பயனில்லை. இந்தியாவிலிருந்த போதகர்கள் தாங்கள் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகலை லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியாவை நிர்வகித்த லண்டன் அலுவலகமான இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் ‘என்’ (N) வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். சென்னை வரிசை 1698இலிருந்து கிடைக்கிறது. பெரும்பகுதியை ஃபைண்ட்மைபாஸ்டில் படமாகப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுபவர்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் பெயர்களை இலவசமாகத் தேடலாம்.

இவை தேவாலயச் சடங்குகளின் பதிவு, அரசின் கட்டாயப் பதிவு அல்ல. விடுபட்டவர்கள் உண்டு, கத்தோலிக்கர்களின் பதிவு இன்னும் குறைவு. அங்கே இல்லையென்றால் உள்ளூர்த் தேவாலயத்தின் மூல ஏட்டுக்குப் போக வேண்டும். 1680இல் அர்ப்பணித்த புனித ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரீஸ் போன்ற தேவாலயங்களின் ஏடுகள் மிகப் பழையவை. இலங்கையைத் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இலங்கை தனி முடியாட்சிக் குடியேற்றமாக இருந்ததால் அது இந்தியா ஆபீஸின் கீழ் வரவில்லை. தோட்டத்துரைமார் குடும்பங்களை ‘என்’ வரிசையில் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

1837க்கு அப்பால்

ஆலனின் தந்தை ஜூலியஸ் 1873 நவம்பர் 9 அன்று பிறந்தவர். அவருடைய தந்தை ஜான் ராபர்ட் டூரிங் என்ற போதகர், தாய் ஃபேனி, பிறந்தகத்துப் பெயர் பாய்ட். ஜான் ராபர்ட்டை எட்டியதும் அரசுப் பதிவின் எல்லை முடிந்துவிடுகிறது. அவர் 1837க்கு முன் பிறந்தவர். இனி ஊர்த் தேவாலய ஏடுகள்.

இந்த ஏடுகளை வைக்கச் சொல்லி 1538இல் உத்தரவிட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல். அவ்வளவு பழைய ஏடு பிழைத்திருக்கும் ஊர்கள் குறைவு. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் ஆயருக்குப் போனது. மூல ஏடு பூச்சிக்கோ தீக்கோ இரையாகியிருந்தால் அந்த ஆயர் நகலைக் கேளுங்கள். 1754 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும் திருமணம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிகன் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. எனவே மெதடிஸ்ட்டாக வாழ்ந்த குடும்பத்தின் திருமணமும் ஆங்கிலிகன் ஏட்டில் இருக்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானம் அவர்களுடைய சொந்தச் சபை ஏட்டில் இருக்கும். அந்தச் சபை ஏடுகளில் பல லண்டனின் க்யூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் உள்ளன. 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் ஊரும் கிடைக்கும். அதற்கு முன் ‘ஜான், வில்லியமின் மகன்’ என்ற அளவோடு பல ஏடுகள் நிறுத்திக்கொள்ளும்.

தேதிகளில் ஒரு கண் வையுங்கள். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1721. இப்படிப்பட்ட தேதியை 1720/21 என்று இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் 1720 ஏப்ரலில் மணந்தவர்களுக்கு, மணமாவதற்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளை பிறந்ததாக உங்கள் குறிப்பு சொல்லும்.